தொப்பியில் மாவு

எங்கள் பக்கத்து வீட்டுக் கலியாணசுந்தரம் நாற்பத்து மூன்று வயதில் மிருதங்கம் பழகக் கிளம்பியதற்கு, மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போவதுதான் காரணம். ஆகஸ்டு கடைசியில் ஊர்வலம்; அதில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்துப் பஜனைக் குழுவும் பாடிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மிருதங்கக்காரரோ வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். "நான் வாசிக்கிறேன்" என்று கூட்டத்தில் கை தூக்கினார் இவர். பஸ் கண்டக்டர். அதுவரை அவர் தட்டியதெல்லாம் பஸ்ஸின் தகரத்தைத்தான்.

வீட்டில் மிருதங்கம் இருந்தது. அவர் மனைவி கமலவேணியின் அப்பா வாசித்தது. அவர் காலமானதிலிருந்து சேலையில் சுற்றி அலமாரிமேல் கிடந்தது. கமலவேணி சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றவள்.

"சொல்லித் தரேன். ஆனா தொம் ஒழுங்கா பேசலேன்னா இது வாசலைத் தாண்டாது. ஊரு முன்னால எங்கப்பா பேரு கெடக்கூடாது" என்றாள்.

முதல் நாளே வினை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே குரல் கொடுத்தாள்: "ரவையைப் பிசைஞ்சு வச்சிருக்கேன் பாருங்க. மொதல்ல தொப்பியில ஒட்டுங்க."

மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். ஈர ரவை மாவு ஒட்டினால்தான் அங்கே 'தொம்' என்று கனத்த நாதம் வரும். இது தெரியாத மனுஷன், ஆயுத பூஜைக்குப் பஸ்ஸில் சந்தனம் வைப்பதுபோல ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து, ஆணியில் மாட்டியிருந்த கண்டக்டர் தொப்பியை எடுத்து அதன் நடுநெற்றியில் வட்டமாக ஒட்டி, கும்பிட்டும் விட்டார்.

காய்ந்த மாவைச் சுரண்டியும் கறை போகவில்லை. மறுநாள் புக்கிட் ரம்பாய் போகும் பஸ்ஸில் யாரோ காரணம் கேட்க, இவரும் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அவர் 'உப்புமாக் கண்டக்டர்'.

பிறகு ஆறு வாரம் த, தி, தொம், நம். காது கொடுத்தது நான். 'நம்' வாசிக்கும்போது மோதிர விரல் தோல்மேல் சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். இவர் டிக்கெட்டில் ஓட்டை போடுவதுபோல அழுத்துவார். 'நம்' செத்துப்போகும்.

"விரலை வைங்க, நசுக்காதீங்க" என்பாள் கமலவேணி. நானும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அதையே சொல்வேன். ஐந்தாம் வாரம் ஒரு சாயங்காலம் நாலு சொல்லும் சுத்தமாக விழுந்தன. அவள் மிருதங்கத்தைச் சுற்றியிருந்த சேலையை மடித்து உள்ளே வைத்தாள். மிருதங்கம் வெளியே போகலாம் என்று அர்த்தம்.

ஊர்வலத்தன்று வேட்டி, ஜிப்பா, கழுத்தில் தொங்கும் மிருதங்கம், தலையில் அதே கண்டக்டர் தொப்பி.

"சாமி பாட்டுக்குத் தொப்பியா? கழட்டுங்கண்ணே" என்றார் குழுத் தலைவர் சுப்பையன்.

"வெயிலு தம்பி" என்று சொல்லி நடந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஊர்வலம் வரும் பண்டார் ஹிலிர் சாலையோரம் கூட்டத்தோடு நானும் கமலவேணியும் நின்றோம். குழு எங்கள் எதிரே வந்த சமயம், மிருதங்கத்தில் ஒட்டியிருந்த மாவு வெயிலில் காய்ந்து பொத்தென்று ரோட்டில் விழுந்தது. அடுத்த 'தொம்' ஓட்டைத் தகரம்போல் கேட்டது. பாட்டுத் தடுமாறியது. "உப்புமா விழுந்திருச்சு" என்று யாரோ சிரித்தார்கள். கமலவேணி என் கையை இறுகப் பிடித்தாள். "அப்பா" என்றாள், மெதுவாக.

கலியாணசுந்தரம் நிதானமாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஈர வாழையிலைப் பொட்டலம். பிரித்து, மாவை அப்பி, ஒரு தட்டுத் தட்டினார்.

தொம்.

வயிற்றில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. சிரித்தவர்களே கை தட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஆறு வாரம் கேட்டவள் இல்லையா.

கமலவேணி கண்ணைத் துடைக்கவே இல்லை. சிரிப்பும் அழுகையுமாக, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"நான்தாங்க உப்புமாக் கண்டக்டர் பொண்டாட்டி. அது எங்கப்பா மிருதங்கம்."