ஊஞ்சல் வளையத்தில் ஒரு சேணம்

என் கணவர் கத்தரிக்காய் வாங்கப் போனால் கடைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இவர் ஒவ்வொரு காயாக எடுப்பார், காம்பைப் பார்ப்பார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், காதருகே வைத்து லேசாகத் தட்டுவார், பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். கத்தரிக்காயில் என்ன சத்தம் கேட்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஒரு குடையைத் தேர்ந்தெடுப்பதற்குள் அந்த வருஷத்துச் சாரலே முடிந்துபோன கதையும் எங்கள் வீட்டில் உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடை சரியாக வந்தாலும் வழி சரியா என்று பார்க்கிறவர்.

இப்படிப்பட்டவர் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சரி சொல்லிவிட்டார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் வேண்டாம். சரி சொன்னது அவருடைய அக்கா. இவர் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் உட்கார்ந்திருந்தாராம்.

நான் பறக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது அதற்கான சாமான்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இந்த மனிதரிடம்தான் போய்ச் சேர்ந்தது.

எண்பதுகளின் நடுவில் நான் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். பெங்களூருக்கு அடிக்கடி கால் பதிவு செய்கிற ஒரு இளைஞர் இருந்தார். "எறக்க வந்துட்டா? துணி கிழியலையே?" என்று தொண்டை கிழியக் கத்துவார். பிறர் பேசுவதைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. ஆனால் அவர் கத்திய கத்தலுக்கு டெலிபோனே தேவையில்லை, தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு நாள் கால் முடிந்ததும் நானே லைனில் இருந்து கேட்டுவிட்டேன்.

"தம்பி, அது என்ன எறக்க?"

அவர் தென்காசிக்காரர்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஹாங் கிளைடரில் பறக்கப் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் முக்கோணமாகத் துணி விரித்த பெரிய இறக்கை, மோட்டார் எதுவும் கிடையாது, அதன் அடியில் ஆள் தொங்கிக்கொண்டு குன்றுச் சரிவில் ஓடினால் காற்று தூக்கிவிடும் என்று விளக்கினார். இப்போது முதுகிலேயே மோட்டாரைக் கட்டிக்கொண்டு தரையிலிருந்து கிளம்பிவிடுகிறார்கள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது இந்த இறக்கையும் மேற்கேயிருந்து கணவாய் வழியாக வரும் காற்றும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவரையும் அழைத்துக்கொண்டு இலத்தூர்ப் பக்கம், பொத்தை என்று நாங்கள் சொல்லும் ஒரு மொட்டைக் குன்றுக்குப் போனேன். அந்தத் தம்பி சரிவில் நாலு எட்டு ஓடினார். ஐந்தாவது எட்டுக்குத் தரை இல்லை. கீழே புஞ்சைத் தரிசில் இறங்கிவிட்டு எங்களைப் பார்த்துக் கையாட்டினார். எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. காரணமெல்லாம் கிடையாது. பசிக்கிறபோது காரணமா தேடுகிறோம்? முப்பது வயது தாண்டிய பெண்ணுக்கு இது எதற்கு என்று ஆபீசில் கேட்டவர்களிடமும் இதையேதான் சொன்னேன்.

இவர் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பறந்துக்கோ. ஆனா சாமான் பூரா நான்தான் பாத்து எடுப்பேன்."

முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

தம்பி என்னோடு இன்னும் சில பையன்களுக்கும் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டார். இறக்கை எல்லோருக்கும் பொது. ஹெல்மெட்டும் காலணியும், உடம்பைச் சுற்றிப் பட்டைகளால் இறுக்கி இறக்கையில் கயிறும் கொக்கியும் மாட்டித் தொங்குகிற ஹார்னஸும் அவரவர் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். இவர் அந்த ஹார்னஸைப் பார்த்ததுமே "குதிரைக்குப் போடுத சேணம்லா இது?" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சேணம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த இறக்கைக்கு ஏற்ற எடை வேண்டும் என்று அரிசி மில் தராசில் எல்லோரையும் நிறுத்தார் தம்பி. கூடப் படிக்க வந்த ஒல்லிப் பையன்களுக்கு இடுப்பில் மணல் பை கட்ட வேண்டும் என்றார். "அக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், கச்சிதமா இருக்கீய" என்றார். என் எடையை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் இவரிடம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆனியிலும் ஆடியிலும் எங்கள் ஊர்க் காற்று புதிதாகப் படிக்கிறவர்களைச் சுருட்டி எறிந்துவிடும். புரட்டாசியில் அடங்கிவிடும். நடுவில் ஆவணிக் கடைசிதான் மாணவர்களுக்குத் தோதான காற்று. அதற்குள் சாமான் தயாராக வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

தம்பி வரவழைத்த ஹெல்மெட்டில் ஆரம்பித்தார் இவர். இலஞ்சித் தோப்பிலிருந்து வந்த நல்ல தேங்காய் ஒன்றை உள்ளே வைத்துத் துணி அடைத்து மொட்டை மாடியிலிருந்து கீழே போட்டார். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தேங்காயும் உடையவில்லை. எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"காய் ஒடயல. ஆனா உள்ள தண்ணி கலங்கியிருக்கும்லா?"

அந்த ஹெல்மெட் திரும்பிப் போயிற்று. அடுத்ததில் தாடைப் பட்டை சரியில்லை. அதற்கடுத்ததைப் போட்டால் எனக்குக் காது கேட்காது என்றார். கணுக்காலைப் பிடிக்கும் கேன்வாஸ் ஷூ ஒன்றை, சாரல் பெய்து பாசி பிடித்துக் கிடந்த கிணற்றடியில் என்னைப் போட்டு நடக்கச் சொன்னார். வழுக்கியது. அந்தப் பாசியில் ஆடே வழுக்கி விழும். ஷூவும் திரும்பிப் போயிற்று.

சேணத்தில் இரண்டு வகை. ஒன்றில் நாற்காலி மாதிரி உட்கார்ந்து பறக்கலாம். மற்றதில் குப்புறப் படுத்துப் பறக்க வேண்டும். தம்பி இரண்டையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். இவர் நூலை எண்ணினார், பக்கிளைச் சுரண்டினார், சாம்பல் நிறம் தூரத்திலிருந்து தெரியாது என்றார், மறுநாள் சிவப்பு நிறத்தைக் கண்டால் மாடு முட்டும் என்றார். ஆவணி பிறந்தது. பாதி போயிற்று. ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் தேர்ந்தெடுக்கவில்லை. புரட்டாசி வருகிறவரைக்கும் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கப்போகிறார். கையிலிருந்த கரண்டியைப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் என்ன என்று கேட்டார்கள். அவ்வளவு கோபம் எனக்கு.

சனிக்கிழமை காலையில் தம்பி வந்தார். "அக்கா, நாளக்கி விட்டா இந்த வருசம் காத்து கெடையாது. ஊஞ்சப் பலகயக் கழத்திட்டு அந்த வளையத்துல சேணத்த மாட்டுங்க. சோறு வேவுத நேரம் தொங்கிப் பாருங்க. இங்க எங்க வலிக்கோ, அங்க மேலயும் அங்கனதான் வலிக்கும்" என்று சொல்லி, பழையதுதான் என்றாலும் உறுதியான ஒரு ஹெல்மெட்டையும் ஷூவையும் இவர் கண்ணில் படாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கூடத்து ஊஞ்சலின் பலகையைக் கழற்றி, கூரை வளையத்தில் சேணத்தை மாட்டினோம். முக்காலியில் ஏறி நின்று முதலில் உட்காரும் சேணத்தில் தொங்கினேன். உலை கொதிப்பதற்குள் தொடை மரத்துவிட்டது. அடுத்து படுக்கும் சேணம். சோறு வெந்து, வடித்து முடிகிற வரைக்கும் கூடத்தில் குப்புற மிதந்துகொண்டிருந்தேன். எங்கேயும் வலிக்கவில்லை. அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

"இதுதான்" என்றேன்.

"உனக்கு வலிக்கல, சரி. தாங்குமான்னு பாக்கணும்லா? என் கனத்தத் தாங்கினா உன்னத் தாங்கும்" என்றார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு முக்காலியில் ஏறினார். பட்டைகளை நான் இறுக்கினேன். கொக்கியை மாட்டினேன்.

"முக்காலிய எடு. முழுப் பாரமும் விழணும்."

எடுத்தேன். வளையம் முனகியது, ஆனால் தாங்கியது. கைகளை விரித்துக்கொண்டு என் கணவர் கூடத்தின் நடுவில் மிதந்தார்.

"வலப்பக்கம் ஒரு தையலு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

அந்தக் கொக்கியில் ஒரு சங்கதி உண்டு. ஆளின் பாரம் அதில் இருக்கும்வரை திறக்காது. யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது கால் தரையில் ஊன்ற வேண்டும். அவர் காலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தரை ஒரு சாண் கீழே இருந்தது. நான் அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் காப்பி கலந்து எடுத்து வந்து, முக்காலியை அவர் முன்னால் போட்டு அதில் உட்கார்ந்தேன்.

"எதுன்னு சொல்லுங்க. அப்புறம் முக்காலி வரும்."

முதலில் சிரித்தார். கயிற்றைப் பிடித்து எக்கிப் பார்த்தார். தொப்பை ஒத்துழைக்கவில்லை. எக்கிய வேகத்தில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அதனால் அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதியைச் சுவரும் பாதியை நானும் கேட்டோம்.

"ஏட்டி, வெளயாடாத. மதுரலேருந்து அக்கா வார நேரம்."

"வரட்டும்."

ஒரு சுற்று சுற்றினார். காலண்டர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்திருக்கும்போது குரல் மாறிவிட்டது.

"இதான்ட்டி எனக்குப் பயம். மேல கொக்கி மாட்டிக் கெடக்கு. கீழ தர எட்டல. இங்கனன்னா நீ இருக்க. அங்க உன்னத் தூக்கி விட ஒரு ஆளு இல்லியே. தனியால்லா தொங்குவ?"

அவர் திரும்பி என் பக்கம் வந்தபோது அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. தேங்காய், பாசி, மாடு எல்லாவற்றுக்குள்ளும் இது ஒன்றுதான் இருந்திருக்கிறது. என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அந்த நிமிஷத்தில்.

"எறங்கும்போது எங் காலு தரையில பட்டுரும்" என்றேன்.

"பட்டாச் சரி" என்றார். இன்னொரு சுற்று. "படுக்குததையே எடுத்துக்கோ. இடுப்பப் பிடிக்கல."

அந்த நேரம் பார்த்து வாசலில் நாத்தனார் நின்றார். எங்கள் ஊரில் அருவி சீசன் என்றால் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி உண்டு. நாத்தனார் சீசன் முடிகிற சமயத்தில் கூட்டமில்லாமல் குளிக்க வருகிறவர். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஐந்தருவிக்குப் போய்விட்டு, ஈரத் தலையோடு எங்கள் வீட்டுக்கு வருவதுதான் அவர் வழக்கம். தன் கூடப்பிறந்தவர் கூரையில் தொங்குவதையும் நான் கீழே காப்பி குடிப்பதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏட்டி, எந் தம்பிய என்ன செஞ்சு வச்சிருக்க?"

"சாமான் எடுக்காங்க, மதினி."

"எடுத்து முடிச்சிட்டானா?"

"இப்பதான்."

"இது தெரியாமப் போச்சே. ஒங் கல்யாணத்துக்கும் இவனத் தொங்க விட்டிருந்தா நான் அம்புட்டுப் பேசியிருக்க வேண்டாம்" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, எண்ணெயும் ஈரமுமான கைகளால் அவர் இடுப்பைச் சுற்றி வளைத்து ஒரே தூக்காகத் தூக்கினார். சின்ன வயதில் தூக்கிச் சுமந்த இடுப்புதானே. கயிறு தளர்ந்தது. நான் கொக்கியைக் கழற்றினேன். இறங்கி நின்றவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு அக்காவிடம் "வாக்கா" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

மறுநாள் அவர் பொத்தைக்கு வரவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும் என்றார். பார்க்க முடியாமல்தான் வரவில்லை என்று எனக்குத் தெரியும், வற்புறுத்தவில்லை. அவருடைய பழைய பேண்டைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு தம்பியோடு போனேன்.

பாதிச் சரிவிலிருந்துதான் என்னைக் கிளம்ப வைத்தார். முகத்தில் மேல்காற்று, கையில் ஈரமான அலுமினியக் குழாய். "ஓடுங்கக்கா, நிக்காதீய!" என்று பின்னால் குரல். ஓடினேன். பட்டைகள் இறுகி என்னைத் தூக்கின, காலுக்கடியில் தரை இல்லை. சேணத்தில் ஓரிடமும் வலிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு பாட்டு பாதி முடிகிற நேரம்கூட இராது. அதற்குள் எங்கள் மலையையும், அதில் மேகம் உட்கார்ந்திருந்ததையும், கீழே என் நிழல் முள்செடிகளைத் தாண்டித் தாண்டிப் போனதையும் பார்த்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். கேட்க ஆளில்லை என்பது நன்றாகவே இருந்தது.

தரிசில் இறங்கி நாலு எட்டு ஓடி முழங்காலில் விழுந்தேன். எழுந்து இறக்கையை நிமிர்த்திப் பிடித்தேன். இரண்டு காலும் மண்ணில் ஊன்றியிருந்தன.

அப்போது குளத்துக்கரைப் பனைமரங்களின் பின்னாலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி. கரையில் சாய்ந்து கிடந்த சைக்கிளை எனக்குத் தெரியும். முள்ளையும் மண்கட்டியையும் பார்க்காமல் நேரே ஓடி வந்து, குனிந்து இறக்கைக்குள் நுழைந்து, என் இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்துத் தூக்கினார். அரிசி மில் தராசு கச்சிதம் என்று சொன்ன எடை. பொத்தையிலிருந்து தம்பியும் அந்தப் பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில்கூட என் பக்கத்தில் நடக்காமல் நாலடி முன்னால் போகிற மனிதர்.

"கழத்து" என்றார், மூச்சிரைக்க.

அவர் வருவதற்கு முன்பே கயிறு தளர்ந்துதான் கிடந்தது, கொக்கியில் பாரமே இல்லை. அதை நான் சொல்லவில்லை. அவர் கை தாங்குகிற மட்டும் மெதுவாகக் கழற்றினேன்.