செபமாலை அண்ணை துடைத்த பலகை

1. குசினிக்கு இரண்டு பேர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவினேன். குடியிருந்தது சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில். கோடை வந்தால் ரெஸ்ரோரன்றில் வேலை குறைந்துவிடும். அங்கு சமைத்த வால்டர் என்ற வெள்ளைக்காரன் கோடையில் வடக்கே ஒரு வாவிக்கரைக்குச் சமைக்கப் போவான். அது பெடியன்களுக்கான சமர் காம்ப். வசதியான ஆட்கள் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஆண்பிள்ளைகளை அங்கே அனுப்புவார்கள். பிள்ளைகள் மரக் கபினில் படுப்பார்கள், நீந்துவார்கள், கனூ என்ற சிறு வள்ளம் வலிப்பார்கள், நெருப்பைச் சுற்றி இருந்து பாடுவார்கள். விடுமுறை முடிய வீட்டுக்குப் போவார்கள்.

வால்டர் என்னைக் கேட்டான். "ராஜ், குசினிக்கு இரண்டு பேர் வேணும். சாப்பாடும் படுக்கையும் ஃப்ரீ. வாறியா?"

வீட்டில் சொன்னேன். மனிசி சிரித்தாள்.

"ஆமிக் காம்ப்புக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள். இவங்கள் காசு குடுத்துப் பிள்ளையளைக் காம்ப்பில விடுறாங்களோ?"

"விடுறாங்களாம்."

"அப்ப போங்கோ. கோடை முழுக்க வீட்டில இருந்து என்ரை முகத்தைப் பாக்கிறதுக்கு அது பறவாயில்லை."

இரண்டாவது ஆளாக செபமாலை அண்ணையைக் கூட்டிப்போனேன். எங்கள் கட்டடத்தில்தான் நாலைந்து பேரோடு ஒரு அறையில் இருந்தார். மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஆள். ஊரில் சங்கு குளித்தவர். மனிசியும் ஒரு மகனும் மடு மாதா கோயிலடியில் அகதியாக நின்றார்கள். இங்கிலீஷில் அவருக்கு யேஸ், நோ, தாங்க்யூ மூன்றும் தெரியும். மூன்றையும் எல்லாரிடமும் சேர்த்தே சொல்வார்.

முதல் நாள் வால்டர் எங்களைக் குசினி வாசலில் நிற்பாட்டிச் சொன்னான். "ஹோர்ன் நீட்டி அடிச்சால் அடுப்பை நிப்பாட்டு. ஏப்ரனைக் கழட்டு. தண்ணிக்கரைக்கு ஓடு. ஏன் எண்டு கேக்காதை."

நான் அதைத் தமிழில் சொன்னேன். செபமாலை அண்ணை தலையாட்டினார். தண்ணிக்கரையைப் பற்றி எங்களுக்கு யாராவது சொன்னது அவ்வளவுதான். மிச்ச விளக்கமெல்லாம் பெடியன்களைப் பார்க்கும் கவுன்சிலர்மாருக்குத்தான் கொடுத்தார்கள். நாங்கள் அந்த நேரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம்.

2. பலகை

வாவிக்குள் நீட்டி ஒரு மரத்துறை போட்டிருந்தது. டொக் என்பார்கள். அதன் வாசலில் ஒரு பெரிய பலகை. பலகை முழுக்க ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பெடியனின் பெயர் எழுதிய மர வில்லை தொங்கும். வில்லையின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. பெடியன் தண்ணிக்குள் இறங்கும்போது தன் வில்லையைச் சிவப்பாகத் திருப்பிவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் வெள்ளையாகத் திருப்புவான். எல்லாம் வெள்ளையானால் எல்லாரும் கரையில். ஒன்று சிவப்பாக நின்றால் ஒருவன் தண்ணிக்குள்.

இதை இப்போது சுலபமாக எழுதுகிறேன். அப்போது எனக்கும் தெரியாது, அண்ணைக்கும் தெரியாது. பெடியன்கள் விளையாட்டுக்குக் கொழுவி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

கோடைத் தொடக்கத்தில் அந்த வாவியில் ஒரு பூச்சி எழும்பும். ஃபிஷ்ஃப்ளை என்பார்கள். நீளச் செட்டை. எழும்பினால் சுவர், கதவு, ஆட்கள் எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். ஒரு நாளில் சாகும். மிதித்தால் அப்பளம் நொருங்குகிற மாதிரிச் சத்தம் வரும். பிறகு மீன் அழுகின மணம். அதைக் கூட்டி அள்ளுவது குசினி ஆட்களின் தலையில் விழுந்தது.

"எங்கட கடலில இந்த மணத்துக்கு மீன் வேணும். இஞ்ச பூச்சியே போதும்," என்பார் செபமாலை அண்ணை.

அன்று காலை நீச்சல் முடிகிற நேரம் அவர் தும்புத்தடியும் வாளியும் துணியும் கொண்டு டொக்குக்குப் போனார். தண்ணிக்குப் பொறுப்பு பிரையன் என்ற பெடியன். யூனிவர்சிற்றியில் படிக்கிறவன். நல்ல பெடியன். அண்ணையைக் கண்டதும் டொக்கையும் பலகையையும் சேர்த்துக் கையை ஒரு வீச்சு வீசி, "கிளீன், கிளீன், எவ்ரிதிங்" என்றான். பிறகு அறுந்த கயிறு ஒன்றைக் கட்டத் திரும்பி நின்றான்.

அண்ணை டொக்கைக் கூட்டினார். பலகையைத் துடைத்தார். ஒவ்வொரு வில்லையாகக் கழற்றி, பூச்சியைத் தட்டி, துடைத்து, அதன் ஆணியிலேயே திரும்பக் கொழுவினார். எல்லாம் வெள்ளை. ஒன்று மட்டும் சிவப்பு. பிழையாகக் கொழுவிவிட்டார்கள் என்று நினைத்து அதையும் வெள்ளையாகத் திருப்பிவிட்டார். வேலையைத் துப்புரவாகச் செய்கிற ஆள் அவர். குசினியில் கரண்டிகள்கூட ஒரே பக்கம் பார்த்துத்தான் கிடக்கும்.

பிரையன் கயிற்றைக் கட்டி முடித்துப் பலகையைப் பார்த்தான். எல்லாம் வெள்ளை. விசில் ஊதினான். பெடியன்கள் சாப்பாட்டுக்கு ஓடினார்கள்.

3. ஹோர்ன்

அன்று சூப்பும் சீஸ் சான்ட்விச்சும். ஒரு மேசையில் டெரிக் என்ற பெடியனின் கதிரை வெறுமையாக இருந்தது. பதினொரு வயது. காது நோவென்று அடிக்கடி நேர்ஸிடம் போகிறவன். இன்றும் அங்கேதான் போய்விட்டான் என்று நினைத்துக் கவுன்சிலர் இருந்துவிட்டான். சாப்பாடு முடிகிற நேரம் நேர்ஸ் தன் கோப்பையோடு வந்தா.

"டெரிக்குக்கு எப்படி?" என்று கவுன்சிலர் கேட்டான்.

"டெரிக்கா? அவன் இன்றைக்கு என்னிடம் வரவேயில்லையே."

அந்த மேசை பேச்சை நிறுத்தியது. பிறகு பக்கத்து மேசை. பிறகு எல்லா மேசையும். 

ஹோர்ன் அடித்தது. வால்டர் அடுப்பை நிறுத்தினான். ஓடினோம்.

கரையில் எங்களை வரிசையாக விட்டார்கள். கட்டையான ஆள் கரைப்பக்கம், நெட்டையான ஆள் ஆழத்துப் பக்கம். பக்கத்து ஆளோடு கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் ஒன்றாக ஒரு அடி வைத்து, காலால் அடியைத் தடவ வேண்டும். பிறகு அடுத்த அடி. காலில் பெடியன் தட்டுப்படுகிறானா என்று பார்ப்பதற்குத்தான் அது. யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

எனக்கு நீந்தத் தெரியாது. நான் சாவகச்சேரி ஆள், கிணற்றில் அள்ளிக் குளித்தவன். தண்ணீர் நெஞ்சு மட்டும் வந்தது. ஒரு பக்கம் வால்டர், மறுபக்கம் பெயர் தெரியாத ஒரு கவுன்சிலர்.  ஓரிடத்தில் என் காலில் மெத்தென்று ஒன்று பட்டது. நான் கத்தினேன். பிரையன் மூழ்கி எடுத்தான். ஒரு துவாய். எப்போதோ தண்ணிக்குள் விழுந்து தாண்டது.

செபமாலை அண்ணை வரிசையில் நிற்கவில்லை. சேர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆழத்துக்கு நீந்திப் போனார். யாரும் மறிக்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. மூழ்குவார். நெடுநேரம் காணாது. வேறு ஒரு இடத்தில் தலை தெரியும். மூச்சை எடுத்துக்கொண்டு திரும்ப மூழ்குவார்.

பிறகு மோட்டர் வள்ளம் வந்தது. அதற்குள் டெரிக் இருந்தான். உயிரோடு.

அந்தக் காம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாவிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பாறை. கூட ஒரு கனூ வர, அதுவரை நீந்திப் போகிற பெடியனின் பெயரைச் சாப்பாட்டு மண்டபச் சுவரில் எழுதுவார்கள். டெரிக் இரண்டு தரம் பாதியில் வள்ளத்தில் ஏறியவன். மற்றவர்கள் பகிடி பண்ணியிருக்கிறார்கள். அன்று ஒருவருக்கும் சொல்லாமல் தனியே போய்விட்டான். போய்ச் சேர்ந்துவிட்டான். திரும்பி வரப் பயந்து பாறைக்குப் பின்னால் குந்தி இருந்திருக்கிறான். உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது.

கரையில் அழுகையும் சிரிப்பும். மைக்கில் எல்லாரையும் ஏறச் சொன்னார்கள். பெடியன்களை எண்ணினார்கள். கவுன்சிலர்மாரை எண்ணினார்கள். எங்களை யாரும் எண்ணவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். செபமாலை அண்ணை இன்னும் மூழ்கிக்கொண்டிருந்தார்.

டொக்கின் நுனிக்குப் போய்க் கத்தினேன். "அண்ணை! பெடியன் கிடைச்சிட்டான்! வாங்கோ!"

தலை வெளியே வந்தது. "எங்க?"

"கரையில! உயிரோட இருக்கிறான்!"

"சும்மா சொல்லாதை!"

"சத்தியமா அண்ணை!"

திரும்பவும் மூழ்கினார். தேடுகிற ஆட்களைக் கரையேற்ற, ஆள் கிடைச்சிட்டான் என்று பொய் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கடலில் அதைப் பலமுறை கேட்டவர். கடைசியில் வால்டர் டெரிக்கைத் தூக்கி வந்து டொக்கில் நிற்பாட்டினான். கம்பளிக்குள் இருந்தபடி பெடியன் கையைக் காட்டினான். அதைக் கண்டபிறகுதான் அண்ணை நீந்தி வந்தார். அவரால் ஏற முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தோம். உடம்பு மரம் மாதிரி விறைத்திருந்தது.

"எனக்கும் உவன்ரை வயசில ஒருத்தன் மடுவில நிக்கிறான்," என்றார். 

4. விசாரணை

பின்னேரம் டைரக்டர் ஹார்வி எங்களை ஒஃபிசுக்குக் கூப்பிட்டார். பிரையனும் நின்றான். முகம் வெளுத்திருந்தது. டெரிக் தன் வில்லையைச் சிவப்பாகத் திருப்பிவிட்டுத்தான் போனானாம். அது எப்படி வெள்ளையானது?

"பலகையைத் தொட்டது யார்?" என்று ஹார்வி என்னைக் கேட்டார். சத்தம் போடவில்லை.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

சிவப்புக்கும் வெள்ளைக்கும் என்ன அர்த்தம் என்று ஹார்வி எனக்கு விளக்கினார். நான் அண்ணைக்கு விளக்கினேன். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அது விளங்கியது. அண்ணை தன் கைகளைப் பார்த்தார்.

"நான்தான் எண்டு சொல்லு."

"பிரையன் சொல்லித்தானே துடைச்சனீங்கள். அதையும் சொல்லட்டோ?"

"வேண்டாம். அவனும் பெடியன்தான்."

நான் சொன்னேன். அண்ணை மறித்தும், பிரையன் எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னான் என்றும் சொன்னேன். ஹார்வி பிரையனைப் பார்த்தார்.

"டொக்கைத்தான் சொன்னேன். வில்லையை அல்ல," என்றான் பிரையன். நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரு கை வீச்சில் எது அடங்கும், எது அடங்காது என்று யார் கண்டது.

"இவருக்கு அர்த்தத்தை யாராவது சொன்னார்களா?" என்று நான் கேட்டேன்.  ஹார்வி அண்ணையை நாளைக்கு பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார்.

"அந்தப் பெடியனை ஒருக்காப் பாக்க விடச் சொல்லு," என்றார் அண்ணை. "நான்தான் உன்ரை வில்லையைத் திருப்பினனான், மன்னிச்சுக்கொள் எண்டு சொல்லவேணும். நான் சொல்லுறன், நீ இங்கிலீசில சொல்லு."

கேட்டேன். ஹார்வி, "அது நல்லதில்லை" என்றார்.

அடுத்த நாள் பஸ் நிற்கிற இடத்துக்கு வால்டர் வானில் கொண்டுபோய் விட்டான். நானும் வேலையை விட்டுவிட்டு வரட்டோ என்று அண்ணையைக் கேட்டேன். "உனக்கென்ன விசரே? நில்," என்றார். நின்றேன்.

5. பிறகு

டெரிக்கின் தகப்பன் வந்தபோது நான் கோப்பி கொண்டுபோய் வைத்தேன். "குசினி ஆள் ஒருவனின் பிழை. அவன் இப்போது இங்கே இல்லை," என்று ஹார்வி சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோப்பியை வைத்துவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து பிரையன் குசினிக்குள் வந்தான். "அவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டான்.

"ரொறன்ரோவில் இருக்கிறார்," என்றேன்.

அவன் ஒரு துணியை எடுத்து, நான் கழுவிய கோப்பைகளைத் துடைத்து அடுக்கினான். எல்லாம் முடியப் போய்விட்டான்.

காம்ப் கலைகிற அன்று டெரிக் குசினி யன்னலுக்கு வந்தான். பெட்டியோடு நின்றான். "எனக்காக மூழ்கித் தேடின ஆள் எங்கே? தாங்க்யூ சொல்ல வேணும்," என்றான். அவனுக்கு வில்லைக் கதையை யாரும் சொல்லவில்லை.

"அவர் வீட்டுக்குப் போய்விட்டார்," என்றேன். அவன் யன்னலுக்குள்ளால் கையை நீட்டினான். என் கை சவர்க்காரத்தில் இருந்தது. துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

நான் ரொறன்ரோ திரும்பியபோது செபமாலை அண்ணை ஸ்காபரோவில் ஒரு ஃபக்ரறிக்குப் போய்க்கொண்டிருந்தார். பெட்டி கட்டும் வேலை. அவருடைய அறையில் கட்டில் விளிம்பில் இருந்து சொன்னேன்.

"அண்ணை, அந்தப் பெடியன் உங்களுக்குத் தாங்க்யூ சொல்லச் சொன்னவன்."

"எனக்கோ? ஏனாம்?"

"நீங்கள் மூழ்கித் தேடினதுக்கு."

"வில்லையைத் திருப்பினது நான்தான் எண்டு அவனுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"நீ சொல்லேல்லையோ?"

"இல்லை."

 "சொல்லியிருக்கலாம்," என்றார். பிறகு எழும்பித் தேத்தண்ணி போட்டார். அந்தக் கதையை அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

நான் பல இடத்தில் வேலை செய்தேன். கடைசியில் ஒரு ஃபக்ரறியில் புது ஆட்களைப் பழக்குகிற வேலை எனக்கு வந்தது. எங்கள் ஆட்களும் வந்தார்கள், பல நாட்டு ஆட்களும் வந்தார்கள். முதல் நாள் ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு நடப்பேன். சிவப்பு பட்டன் எது, மஞ்சள் கோடு எது, எந்தப் பூட்டைத் தொடக்கூடாது என்று காட்டுவேன். விளங்கினதா என்று கேட்டால் எல்லாரும் யேஸ் என்பார்கள். அந்த யேஸை நான் எடுப்பதில்லை. என்ன விளங்கியது என்று எனக்குத் திருப்பிக் காட்டச் சொல்வேன். மெதுவாய்த்தான் போகும். சுப்பவைசர் மணிக்கூட்டைப் பார்ப்பான். பார்க்கட்டும்.

இதை வாசிக்கிற பிள்ளைகளில் சிலர் நாளைக்கு நாலு பேருக்கு வேலை சொல்லுகிற இடத்துக்கு வருவீர்கள். வேலை சொன்னால் கிட்டப் போய்ச் சொல்லுங்கள். கையை வீசிவிட்டுத் திரும்பி நிற்காதீர்கள்.