பதினைந்து கோடு

பத்து ரூபாய் நாணயங்களை அதிக நேரம் கையில் வைத்திருந்தால் உள்ளங்கையில் ஒரு துரு வாடை ஏறும். சோப்பு போட்டாலும் போகாத அந்த வாடையோடுதான் என் அப்பா தினமும் வீடு திரும்புவார். திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே "ஷேர் ஆட்டோ" ஓட்டினார், ஆளுக்குப் பத்து ரூபாய். நாணயத்தில் பத்து என்ற எண்ணுக்கு மேலே பத்து கோடு இருந்தால் நல்ல காசு, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று அந்த வருஷம் எவனோ புரளி கிளப்பிவிட, எங்கள் பக்கத்து மளிகைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை பத்து ரூபாய் நாணயம் என்றாலே கையை இழுத்துக்கொண்டார்கள்.

யாரும் வாங்காத காசை எல்லோரும் அப்பாவின் தலையில் கட்டினார்கள். மனிதருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. "எறங்குன பொம்பளையாண்ட சண்ட போட்டுகினா இருக்க முடியும்?" என்பார். அம்மா அவற்றை எண்ணெய் டின்னில் கொட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. கள்ளக்காசு வைத்திருந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று பள்ளியில் ஒருத்தி சொன்னாள். அம்மா கேட்டால் சிரிப்பாள் என்று நம்பிப் போய்ச் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. "நம்ம ஊட்ல காசு கீதுன்னு யாராண்டயும் சொல்லாத" என்றாள். அன்றிலிருந்து அந்தக் கட்டிலில் உட்காரவே எனக்குப் பயம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

ஆட்டோ "ஃபைனான்ஸில்" வாங்கியது. தொடர்ந்து இரண்டு மாத "டியூ" தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். சம்பாத்தியத்தில் பாதி டின்னுக்குள் போய் முடங்க, ஒரு டியூ தவறி, அடுத்ததும் தவறியது. "பேங்க்ல குட்தா இன்னா?" என்று அம்மா கேட்டாள். "போலீஸ் வர்ற வரைக்கும் அங்கயே குந்த வெச்சிடுவான்" என்றார் அப்பா. எழுந்துபோய்த் தெருக்கதவைத் தாழ் போட்டார். அப்பாவே பயந்தால் நான் யாரிடம் போய் ஒட்டிக்கொள்வது?

கடைசியில் வந்தது போலீஸ் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபைனான்ஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். அப்பா டின்னை இழுத்துவந்து, "ரெண்டு டியூவுக்கும் இதுல கீது சார்" என்றார். அவர்களில் ஒருவர் ஒரு நாணயத்தை எடுத்துக் கோடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"இத்த ஆபீஸ்ல கட்டுனா என் சம்பளத்துல புடிப்பாங்க அண்ணாத்தே. சாவியக் குடு."

அப்பா கொடுத்துவிட்டார். போலீஸ் வரவில்லையே என்று எனக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் போனது எங்கள் சோறு என்று உறைத்தது.

இனிப் போக ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் மறுநாள் அப்பா டின்னோடு பூந்தமல்லி வங்கிக்குப் போனார். அவர் திரும்பி வரமாட்டாரோ என்ற பயத்தில் நானும் பள்ளிக்குப் போகாமல் கூடவே ஒட்டிக்கொண்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் காசையெல்லாம் நூறு நூறாகக் கட்டித் தரச் சொல்லி, கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். "பத்து கோடும் கவர்மென்ட் காசுதான், பதினஞ்சு கோடும் கவர்மென்ட் காசுதான். முன்னாடியே கொண்டாந்திருக்கலாமே" என்று சாதாரணமாகச் சொன்னார். அப்பா அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு ஓடினால், வண்டியைப் பிடித்த செலவு, நிறுத்திவைத்த வாடகை என்று இன்னும் கேட்டார்கள். அதைப் புரட்டுவதற்குள் ஆட்டோவை விற்றுவிட்டார்கள்.

இன்று அந்தச் சாலையில் மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள் செல்போனைக் காட்டிப் பணம் கொடுத்துவிட்டு இறங்குகிறார்கள். டியூ கேட்டு வாசலுக்கு வருகிற ஆட்களும் இல்லை, என் ஸ்கூட்டர் கடனை மாதாமாதம் வங்கியே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கணக்கில் பணம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பணம் எடுத்த குறுஞ்செய்தி வந்ததும் வண்டி நிற்கிறதா என்று மாடியிலிருந்து எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. போன மாதம் அப்படி எட்டிப் பார்த்தபோது, கீழே அப்பா நின்றுகொண்டு, ஸ்கூட்டரின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.