கப்பல்காரியின் அம்மா

டப்பாவை இறுக்க மூடி, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டி, தலைகீழாகக் கவிழ்த்துக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குகிறாள் ஆலிங் சலூத். எண்ணெய் ஒழுகவில்லை. ஒழுகாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மகள் கப்பலேறிய இந்த மூன்று வருடத்தில் குலுக்கிப் பார்க்காமல் ஒரு டப்பாவையும் அவள் கையைவிட்டு அனுப்பியதில்லை.

உள்ளே இருப்பது அதோபோ. கடையில் அவள் விற்கும் அதோபோவில் குழம்பு தளும்பும். மகளுக்குப் போவதில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பன்றிக்கறியை வினிகரிலும் பூண்டிலும் வேகவிட்டு, கறி தன் கொழுப்பிலேயே பொரிந்து கறுக்கும்வரை அடுப்பைவிட்டு அசையமாட்டாள். அந்த நேரத்தில் யார் வந்து என்ன கேட்டாலும் எரிந்து விழுவாள். அப்படிச் செய்தது பத்து நாள் கெடாமல் இருக்கும். டப்பா என்னவோ ஐஸ்கிரீம் டப்பாதான். பிலிப்பைன்ஸின் இந்தக் கவித்தே ஊரில் எந்த வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தாலும் உள்ளே ஐஸ்கிரீம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

மகள் மரிவிக் பலவான் தீவுப் பக்கம் சுற்றும் ரோந்துக் கப்பலில் இருக்கிறாள். சலூத்தின் சாப்பாட்டுக் கடை துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருக்கிறது. 'ஆலிங்' என்று அவளை மரியாதையாகக் கூப்பிட்டபடி சாப்பிட வரும் மாலுமிகளில் யார் அந்தப் பக்கம் கிளம்புகிறார்கள் என்பதை அவள் அவர்களுடைய மூட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"பலவானுக்கா தம்பி? உக்காரு. இன்னும் ரெண்டு கரண்டி சோறு வச்சுக்க. ஏன்டா, உங்க கப்பல்ல உனக்கு மட்டும் சோறு போடலியா? எலும்பா நிக்கிற."

"இல்ல ஆலிங், போதும்..."

"போதும்னு உங்கம்மாகிட்ட சொல்லு. இந்தா, இது உனக்கு, வழியில பசிச்சா தின்னு. இந்த டப்பா என் பொண்ணுக்கு. இதுல கைய வச்சேன்னு தெரிஞ்சுது, உன் ஊரும் எனக்குத் தெரியும், உன்னைப் பெத்தவளையும் எனக்குத் தெரியும்."

அவளுக்கு அவன் ஊரும் தெரியாது, பெற்றவளையும் தெரியாது. ஆனால் இதுவரை எந்த டப்பாவும் வழியில் இளைத்ததில்லை.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் பிறந்து ஐம்பத்தாறு வயதாகியும் சலூத் ஒரு படகில்கூடக் கால் வைத்ததில்லை. மணிலாவுக்குப் படகில் போனால் சீக்கிரம் போகலாம் என்றாலும் பஸ்ஸில் நெரிசலில் நசுங்கித்தான் போவாள். கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். குளிக்கும்போதும் அது கழுத்தில்தான். வானொலியில் புயல் செய்தி வந்தால் கடையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவள் கணவர் எர்னிங் டிரைசைக்கிள் ஓட்டுகிறவர், கிண்டலுக்குப் பஞ்சமில்லாத மனிதர். "செய்தி வாசிக்கிற பொண்ணு தப்பாச் சொன்னாக்கூட இவ திருத்திடுவா. புயலே இவகிட்ட வழி கேட்டுட்டுத்தான் திரும்புதாம்" என்பார்.

மரிவிக் கடற்படையில் பெயர் கொடுத்தபோது சலூத் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு மகளின் சீருடைக்குக் கஞ்சி போட உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி யாரும் அவள் முன்னால் குறையாகப் பேசிவிட முடியாது. மீன் விற்கிற ஒருத்தி ஒருமுறை, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக்கா கப்பலு?" என்று கேட்டுவிட்டாள். "உன் பையன் வீட்லயேதானே கிடக்கான்? அவன் என்னத்தைக் கிழிச்சுட்டான்?" என்றாள் சலூத். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இப்படிப்பட்டவள்தான் போன அக்டோபரில் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பதினோரு நாள் கழுத்துக் கைபேசி வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் ஒரு டப்பா அதோபோவைத் தூக்கிக்கொண்டு பெரியவர் சிப்ரியானோவின் வீட்டுக்குப் போனாள். சிப்ரியானோ கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், மரிவிக்கின் ஞானத்தகப்பன். அவள் கப்பலின் கேப்டனுடைய மூத்த பையனுக்கும் அவரே ஞானத்தகப்பன். இந்த ஊரில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குச் சேர்ந்து நின்றவர்கள் உடன்பிறந்தவர்களைவிட நெருக்கம், 'கும்பாரே' என்று உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒருவர் கேட்டு மற்றவர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சலூத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துபடி.

"கும்பாரே, அவளுக்குக் கரையில ஒரு வேலை வாங்கிக் குடுங்க. கிடங்குல மூட்டை எண்ணுற வேலையா இருந்தாலும் சரி. எனக்கு இனிமே தெம்பு இல்ல."

"பொண்ணுகிட்டக் கேட்டியா சலூத்?"

"கேட்டா மாட்டேம்பா. அதனாலதானே உங்ககிட்ட வந்தேன்."

அவர் கேப்டனிடம் பேசினார். மறுநாளே மரிவிக்கிடமிருந்து அழைப்பு வந்தது. தூரத்துப் பவளத்திட்டுப் பக்கம் ரோந்து போனார்களாம், அங்கே சிக்னலே கிடையாதாம், வேறொன்றுமில்லையாம். சலூத் கைபேசியைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். செய்துவிட்டு வந்த காரியத்தைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மகள் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"இந்த மாசந்தாம்மா எனக்குச் சுக்கான் பிடிக்கக் குடுத்தாங்க. ராத்திரி பூரா கப்பல் என் கையில இருந்துச்சு. ஊருக்கு வந்து உங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள என்னைக் கரையில இறக்க ஆள் பிடிச்சிட்டீங்களே."

சலூத் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பு அறுந்தது. அப்புறம் ஐந்து வாரம் அழைப்பே இல்லை. அடுத்த டப்பாவைக் கொண்டுபோன மாலுமி திரும்பி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "கப்பல்ல எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டாங்க ஆலிங். அவங்க ஒரு துண்டுகூட எடுத்துக்கல." சலூத் அவனுக்குச் சோறு போட்டாள். அன்று அவனைத் திட்டவில்லை.

சிப்ரியானோவே ஒருநாள் கடைக்கு வந்தார். "பொண்ணு மாட்டேன்னு நிக்குதாம். கேப்டனுக்குத் தர்மசங்கடம். கேட்டது நான், என் முகம் கெடக் கூடாதுன்னு பாக்குறார். கப்பல் இங்க வரும், அன்னிக்குப் பொண்ணு வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டும், பெத்தவளே கரை வேலை வேண்டாம்னு சொல்லிட்டா விட்டுடறேங்கிறார். சொல்லிடேன், சலூத்."

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்க ஒன்றும் இல்லை. செய்தது தப்பு என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் கடற்படைக் கிடங்கு, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மகள் தினமும் மாலை ஐந்து மணிக்கு வந்து செருப்பைக் கழற்றுவாள், பசிக்கிறது என்பாள். புயல் வந்தால் வரட்டும், அவள் வீட்டுக்குள் இருப்பாள். இதையெல்லாம் வேண்டாம் என்று தன் வாயாலேயே சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? சலூத்துக்கு வரவில்லை. எர்னிங் இரண்டொரு முறை பேச்சை எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு கிண்டலைக்கூட நிறுத்திவிட்டார்.

டிசம்பர் முதல் ஞாயிறு கப்பல் கவித்தேக்கு வந்தது. நண்பகலில் மரிவிக் வீட்டு வாசலில் நின்றாள். வெயிலில் கறுத்திருந்தாள், தோள் அகன்றிருந்தது. குனிந்து தாயின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், ஆனால் கட்டிக்கொள்ளவில்லை. மேசையில் நான்கு பேர். சிப்ரியானோவையும் கூப்பிட்டிருந்தார்கள். புளி போட்ட மீன் குழம்பு, கத்தரிக்காய் வதக்கல், குண்டான் நிறையச் சோறு. மகள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். சலூத் அவளுடைய வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே புதிதாகக் காய்ப்புக் காய்த்திருந்தது.

"கை வலிக்குதா?"

"இல்லம்மா. பழகிடுச்சு."

இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது மரிவிக்கின் கைபேசி அடித்தது. அவள் எழுந்து நின்று பேசினாள். வடக்கே புயல் கரையைக் கடந்து தீவுகளில் வீடெல்லாம் போய்விட்டது, அரிசி ஏற்றிக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். தொப்பியை எடுத்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஏறும்போது கேப்டன் கேப்பாரு. நீங்க என்ன சொன்னீங்கன்னு சொல்லட்டும்?"

சாப்பாட்டின் நடுவே ஒருவர் எழுந்து பயணம் கிளம்பினால், மேசையில் இருப்பவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைப்பது இங்கே வழக்கம். அப்போதுதான் போகிறவர் நல்லபடியாகப் போய்ச் சேருவார். எர்னிங்கின் கை தானாகவே தட்டுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். சிப்ரியானோ பார்வையைக் குழம்புச் சட்டிக்குத் திருப்பிக்கொண்டார். சலூத் முந்தாமல் அந்த மேசையில் யாரும் எதையும் தொடப்போவதில்லை.

"பாதிச் சோறு அப்படியே இருக்கேடி" என்றாள் சலூத்.

"இருக்கட்டும்மா. நேரமாச்சு."

சலூத் கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. தன் தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றி, குழம்பு சிந்தாமல், மெல்ல முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வைத்தாள்.