கடிக்கிற பிள்ளை என்று பேர் வைத்தார்கள்

பிள்ளை கெட்டுப்போச்சு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தப் பிள்ளை தானாகக் கெட்டுப்போகிறது? எழுத்துக் கூட்டி எழுதுகிறவள்தான் நான், ஆனால் இதைச் சொல்ல எனக்குப் படிப்பு வேண்டியதில்லை. என் பெண்ணுக்கு ஐந்து வயதில் ஊரே சேர்ந்து ஒரு பேர் வைத்தது. கடிக்கிற பிள்ளை.

பெங்களூர் சிவாஜிநகர் சந்தைக்குப் பின்னால் லைன் வீடுகளில் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் முற்றம், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். வெள்ளைக்காரன் போன பிறகும் என் வீட்டுக்காரருக்கு மிலிட்டரி மெஸ்ஸில் வேலை இருந்தது. விடியப் போனால் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வருவார்.

அந்த லைனில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமையாகவே சொல்கிறேன். மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையைக் கணுக்கால் பக்கம் தலை வைத்துக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து ஊற்றினால், கத்திக்கொண்டிருந்த பிள்ளை சாம்பிராணிப் புகை காட்டும்போதே தூங்கிவிடும். பெங்களூர்க் குளிரில் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட எல்லாருக்கும் கை வராது. எனக்கு வந்தது. என் பெண் சொம்பை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள்.

பிறகு எனக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முகம் பார்த்துச் சிரிக்கிற பருவத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது.

அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. செத்த பிள்ளையைக் குளிப்பாட்டின கை இன்னொரு பிள்ளைமேல் படக்கூடாதாம். என்னிடம் யாரும் நேராகச் சொல்லவில்லை. நான் குழாயடிக்குப் போனால் இடுப்பில் இருக்கிற பிள்ளையை அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நேற்று வரைக்கும் "வா அக்கா, வா அக்கா" என்று வாசலில் நின்றவர்கள்.

எனக்குக் கையே இல்லாமல் போன மாதிரி இருந்தது. சோறு பொங்குவேன், உப்புப் போட்டேனா என்று தெரியாது. பெண்ணுக்குத் தலை வாருவேன், பாதி பின்னலில் விட்டுவிடுவேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவாள். காதில் விழும். பதில் சொல்ல வாய் வராது. அவளை யார்தான் பார்த்தார்கள்? அப்பன் மெஸ்ஸில். அம்மா இருந்தும் இல்லை.

அப்போதுதான் கடிக்க ஆரம்பித்தாள். குழாயடியில் ஒருத்தியின் மணிக்கட்டை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையை. தலை வார வந்த எதிர்வீட்டுக்காரியை. என்னையும் கடித்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வலிக்கவும் இல்லை. அவள் பல்லை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தர்காவில் ஓதி ஊதினார்கள். வேப்பிலை அடித்தார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பக்கத்து ஊர் ஆனேக்கலிலிருந்து என் நாத்தனார் வந்து, மந்திரித்த தாயத்து ஒன்றைக் கழுத்தில் கட்டினார். எல்லாம் பிள்ளைக்கு. பெற்றவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்க அத்தனை பேரில் ஒருத்தருக்கு வாய் இருந்ததா?

நாத்தனார் தன் தம்பியிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், சொன்னது இது: "பிள்ளைய எங்கிட்ட விடுடா. அடிச்சி வளத்தா சரியாப் போவும். இவ வளத்த லட்சணம் தெரியலையா?"

அவர் தலையை ஆட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சரி, அங்கேயாவது நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாத்தனார், பிள்ளையின் துணிமணி வைக்க அடுத்த வாரம் ஒரு பெட்டியோடு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் கடைசி வீட்டுக்குக் குடிவந்த கறிக்கடைக்காரர் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். தக்னி உருது பேசுகிறவள், சின்ன வயது, கையில் தலைப்பிள்ளை. பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, நீதான் நல்லா குளிப்பாட்டுவியாமே. எனக்கு பயமா இருக்கு, வழுக்குது இவன்."

"உனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாங்க, எல்லாம் சொன்னாங்க. சொன்னவங்க யாராச்சும் வந்து குளிப்பாட்டினாங்களா? நீ காலை நீட்டு."

நான் நீட்டவில்லை. அவளே மணையை இழுத்துப் போட்டு, என் தோளை அமுக்கி உட்காரவைத்து, பிள்ளையைக் காலில் போட்டாள். பிள்ளையின் கனம் காலில் பட்டது. என் கை அது பாட்டுக்கு எண்ணெயைத் தேடிப் போனது. முதுகை உருவினேன். கையையும் காலையும் மாற்றி நீட்டி மடக்கினேன். வெந்நீருக்குக் கையை நீட்டினால் சொம்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். என் பெண் நிற்கிறாள், பழையபடி.

"ஊத்தட்டுமா?" என்றாள்.

"ஊத்துடி. மூஞ்சியில ஊத்தாத."

அத்தனை நாளைக்கு அப்புறம் நான் அவளுக்குச் சொன்ன முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிள்ளை தூங்கி, அவள் வாரிக்கொண்டு போன பிறகு, என் பெண் வந்து என் முழங்கையைக் கடித்தாள். நன்றாகவே கடித்தாள்.

"ஐயோ, வலிக்குதுடி" என்றேன்.

திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். அப்புறம் மடியில் விழுந்து அழுதாள், எனக்கும் அழுகை நிற்கவில்லை. மறுநாளும் கறிக்கடைக்காரர் மனைவி பிள்ளையைக் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும். குழாயடியில் கண்டபடி பேசினார்கள். "நம்ம பிள்ளை நல்லாத்தான் இருக்கான், உங்க கண்ணு படாம இருந்தா போதும்" என்று அவளே சொல்லி வாயை அடைத்தாள். என் பெண்ணுக்கு நான் இரண்டு பக்கமும் முழுசாகப் பின்னிவிட்டேன்.

நாத்தனார் தகரப் பெட்டியோடு வந்தபோது என் பெண் முற்றத்தில் வெந்நீர் மொண்டுகொண்டிருந்தாள். அவர் கன்னத்தைத் தட்டியபோதும் கடிக்கவில்லை, சிரித்தாள். அவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

"பாத்தியா? தாயத்து எப்பிடி வேலை செய்யுது."

என் வீட்டுக்காரரும் ஆமாம் போட்டார். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஊரெல்லாம் சேர்ந்து என்னைக் குழியில் தள்ளினது. அந்தக் கடைசி வீட்டுப் பெண் கை கொடுத்தாள், நான் ஏறி வந்தேன், என் பிள்ளை என் பின்னால் வந்தாள். பேர் மட்டும் தாயத்துக்கா?

பெண்ணைக் கூப்பிட்டு, கழுத்துக் கயிற்றை அவிழ்த்து நாத்தனார் கையில் வைத்தேன்.

"இதை ஆனேக்கலுக்கே எடுத்துட்டுப் போங்க அண்ணி. பிள்ளை இங்கதான் இருக்கும்."

"மறுபடி கடிச்சா?"

"கடிச்சா எனக்கு வலிக்கும். நான் பாத்துக்குவேன்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அவர் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. "இருக்கட்டும் விடுக்கா" என்றார்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்காரவைத்துச் சோறு போட்டேன், உப்பெல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியை நானே தூக்கிப் போய் ஏற்றிவிட்டேன். என் இன்னொரு கையை என் பெண் பிடித்துக்கொண்டு வந்தாள். காலிப் பெட்டிதானே, கனமே இல்லை.