ஆட்டுத்தோலுக்கு வைத்திருந்த களிம்பு

பிள்ளைகளே, நாங்கள் பட்டாபிராமில் இருக்கிறோம். என் மகள் ஸ்டெல்லா ஒன்பதாவது படித்தபோது மேலுதட்டில் முடி அரும்பியது. "இன்னாடி, மீசை மொளச்சிகீது" என்று வகுப்பில் கேலி செய்தார்களாம். இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அழுதாள்.

தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மைத்துனன் ஒரு டப்பாவில் களிம்பு கொண்டுவந்தான். "ஆட்டுத்தோலு மேல தடவுனா முடி தானா கழண்டுகும் மாமா. பாப்பாவுக்கு கொஞ்சூண்டு போதும்" என்றான்.

மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஸ்டெல்லாவோ மூக்கைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினாள். அவளைத் தடுத்து, சீப்பில் சிக்கியிருந்த முடியை அதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்தால், அது மூக்குச்சளி மாதிரி கொழகொழவென்று தொங்கியது. அப்போதுதான் மைத்துனனின் விரல்களைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றிலும் புண்.

"இதையா எம்பொண்ணு மூஞ்சில தடவச் சொல்ற?" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் ஆவடியில் டாக்டரம்மாவிடம் போனோம். "பொம்பளைங்களுக்கும் முகத்துல முடி வளரும்மா. சின்னக் கத்தரியால ஒட்ட வெட்டிக்கோ. திடீர்னு அதிகமானாலோ, மாதவிலக்கு தவறினாலோ வா, பரிசோதிக்கலாம்" என்றார்.

இப்போது முகத்தில் பூச யார் எதைக் கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்குவதில்லை. எங்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு கத்தரிகள் தொங்குகின்றன. நான் மூக்குமுடி வெட்டுகிற கத்தரியைத் தொட ஸ்டெல்லாவுக்கு அருவருப்பாம்.