முதுகு கொடுத்தவர் வீட்டம்மா

சொன்ன நாளில் துணியைத் தைத்துக் கொடுக்கும் தையல்காரரை யாராவது கண்டதுண்டா? ரயில்வே கேட்டுக்கு எதிரே ஒற்றை அறையில் கடை வைத்திருந்த தையல்காரம்மா அப்படி ஓர் அதிசயம். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான். வியாழனன்றே வந்து எட்டிப் பார்த்தால் திட்டு விழும். சனிக்கிழமை வந்து இளித்தால் அதைவிடப் பெரிய திட்டு விழும். "நான் கண்ணு முழிச்சு முடிச்சு வெச்சா, நீங்க ஆடி அசைஞ்சு வருவீங்களா?" என்பாள். அவளுக்குக் காத்திருப்பதும் பிடிக்காது, காக்க வைப்பதும் பிடிக்காது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கடையோ நாளெல்லாம் ஜனங்கள் காத்துக் கிடக்கிற இடத்தில். விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்தான்.

அந்தப் பகுதியை இரட்டைத் தண்டவாளம் இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தது. இந்தப் பக்கம் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும். அந்தப் பக்கம் வீடுகளும் ஆஸ்பத்திரியும். நடுவில் இந்த ஒரு கேட். ரயில் எங்கேயோ கிளம்பும்போதே இங்கே இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பம் இறங்கிவிடும். ரயில் வந்து போகும்வரை யார் நிற்பது? கம்பங்களின் பூட்டு தளர்ந்து போயிருந்தது. அடியில் குனிந்து முதுகால் முட்டுக் கொடுத்தால் ஒரு முழம் மேலே எழும்பும். ஒருவர் முட்டுக் கொடுக்க, மற்றவர்கள் குனிந்து நுழைவார்கள். சைக்கிள்காரர் சைக்கிளைப் படுக்கப் போட்டு இழுத்துக்கொண்டு போவார். எல்லாரும் போன பிறகுதான் முட்டுக் கொடுத்தவர் போவார். அதற்கு அங்கே 'முதுகு கொடுக்கிறது' என்று பெயர். ஒரு பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரித்தால்கூட, "தங்கமான பையன், கேட்ல முதுகு கொடுப்பான்" என்பார்கள். கேட்மேன் தன் அறை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த மரியாதையில் முதல் ஆள் தையல்காரம்மாவின் கணவர். தச்சர். பலகை சுமந்து உரமேறிய முதுகு அவருக்கு. கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள்: "ஏங்க, இந்த ஊரையெல்லாம் தாங்கணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

"கொஞ்ச நேரம் குனிஞ்சா என்ன குறைஞ்சிடப் போகுது? சுமையோட நிக்கிறாங்க, பாவம்."

அவருக்குக் கோபமே வராது. அவர் பங்கையும் சேர்த்து இவளுக்கு வரும். ஆக மொத்தத்தில் குடும்பத்தின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு மகளும் பிறந்தாள்.

ரயில் போகும்போது கடையே நடுங்கும், தையல் கோணிவிடும். அதனால் ரயில் சத்தம் கேட்டதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவது அவள் பழக்கம். மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்த வருஷம், ஒரு நாள் காலையில் ரயில் ஒன்று வந்தது, காலை எடுத்தாள். கடைசிப் பெட்டியும் போய்விட்டது என்று மறுபடியும் காலை வைத்தாள். நாலு தையல் ஓடுவதற்குள் கடை திரும்பவும் நடுங்கியது. எதிர்த் திசையில், அடுத்த தண்டவாளத்தில் இன்னொரு ரயில். முதல் ரயிலின் இரைச்சலில் அதன் சத்தம் யார் காதிலும் விழவில்லை. கம்பத்துக்கு முதுகு கொடுத்திருந்தவர் தச்சர். அவருக்குக் கீழே குனிந்து போனவர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசியாகப் போனவர் அவர். எப்போதும் கடைசியாகப் போகிறவர் அவர்தானே. மிஷினில் இருந்த சட்டையில் அந்தக் கோணல் தையலை அவள் பிரிக்கவே இல்லை. அந்தச் சட்டைக்காரரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

யார் மீதும் பழி போட முடியாத சாவு அது. குடிகாரன் இடித்திருந்தால் சாபம் கொடுக்கலாம். இங்கே யாரைச் சபிப்பது? அன்று அவர் முதுகுக்குக் கீழே நுழைந்தவர்கள் எல்லாரும் அதே தெருக்களில்தான் இருந்தார்கள். அவளைக் கண்டால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒரு பட்டன் அறுந்தால்கூட அவளிடமே கொண்டுவருவார்கள். அவர்களில் பெயின்டர் ஒருவர். தச்சரை அண்ணன் என்று கூப்பிட்டவர், அவளை அண்ணி என்பார். அண்ணன் போன பிறகு கம்பத்துக்கு முதுகு கொடுப்பதை அவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். தச்சருக்குச் செய்கிற மரியாதை அது என்று ஊரும் நினைத்தது, அவரும் நினைத்தார். கேட்டுக்கே 'தச்சர் கேட்' என்று பெயர் வந்துவிட்டது.

அதில் அவளுக்குப் பெருமை உண்டு. வெளியே சொல்லமாட்டாள். புதிதாகத் துணி கொண்டுவருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, "தச்சர் கேட்டுன்னு கேளுங்க, சின்னக் குழந்தைகூடச் சொல்லும்" என்பாள். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

மகளை அந்தப் பக்கத்து மெக்கானிக்குக்குக் கட்டிக் கொடுத்தாள். தூரத்தில் கொடுக்க மனசில்லை. மகள் அங்கேயே ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். தினமும் மத்தியானம் கேட்டைத் தாண்டி அம்மாவிடம் சாப்பிட வருவாள். துணி வெட்டுகிற பலகையை ஒதுக்கிவிட்டு இரண்டு தட்டு வைப்பார்கள். தையல்காரம்மாவுக்கு அன்றைய நாள் என்பதே அந்தச் சாப்பாட்டு நேரம்தான். மற்றதெல்லாம் வேலை. இப்போது மகள் நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிறக்கப் போகிற குழந்தைக்குச் சட்டை தைத்துத் தைத்து ஒரு பெட்டியே நிறைந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ரயில்வேக்காரர்கள் வந்தார்கள். கேட்டை மூடிச் சுவர் எழுப்பப் போகிறோம், போக்குவரத்துக்குக் கடைத்தெருவின் கோடியில் சுரங்கப்பாதை இருக்கிறது, ஊர் ஒத்துக்கொண்டால் வேலையைத் தொடங்குகிறோம் என்றார்கள். சுரங்கப்பாதை வழியாக என்றால் அரை மணி நேரச் சுற்று. ஊர் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தது. டீக்கடையில் கைகலப்பு வரைக்கும் போனது. கடைசியில் கவுன்சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்குத் தலைவலியைப் பிறர் தலைக்கு மாற்றுவதில் நல்ல பழக்கம்.

"உங்க வீட்டுக்காரர் உயிர் போன இடம்மா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீங்க என்ன சொல்றீங்களோ அதுக்கு ரெண்டு பக்கமும் கட்டுப்படறதா சொல்லிட்டாங்க."

"என் தலையில கட்டிட்டுப் போறீங்களா?"

"பெரிய மனசு பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் தேநீருக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

உண்மையில் அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கேட் இருக்கட்டும் என்றுதான் சொல்லப் போகிறாள். மூடினால் மகளின் சாப்பாட்டு நேரம் முழுவதும் நடையிலேயே போய்விடும், வரமாட்டாள். சுவர் எழும்பினால் தச்சர் பெயரும் அதோடு போகும். மனிதரைத்தான் கொண்டுபோனீர்கள், பெயரையாவது விட்டுவையுங்கள் என்று கூட்டத்தில் கேட்பதற்கு வாக்கியத்தைக்கூட மனதுக்குள் தைத்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மகள் வர நேரமாகிவிட்டது. குழம்பைச் சுடவைத்துவிட்டுத் தையல்காரம்மா எரிச்சலோடு வாசலுக்கு வந்தாள். கம்பம் இறங்கியிருந்தது. அந்தப் பக்கக் கம்பத்துக்குப் பின்னால் மகள் நின்றாள். பக்கத்தில் பெயின்டர். அவர் மகளைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். பாவம் என்று நினைத்திருப்பார். உடனே குனிந்து முதுகைக் கொடுத்தார். வழக்கத்தைவிட அதிகமாக, கால்கள் நடுங்க, கம்பத்தை உயர்த்திப் பிடித்தார். மகள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தாள். சேலை முந்தானை கம்பத்து ஆணியில் மாட்டியது. நின்று அதை விடுவித்தாள். பிறகு தண்டவாளத்தின் ஜல்லிமேல் ஒவ்வொரு காலாக வைத்து வந்தாள்.

தையல்காரம்மா கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் மகள் நடுவில் நின்று திரும்பிப் பார்ப்பாளே என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தப் பக்கக் கம்பத்தைக் காய்கறிக்காரர் ஒருவர் தூக்கிப் பிடித்தார். மகள் வெளியே வந்த பிறகு, வெகுநேரம் கழித்துத்தான் ரயில் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் தையல்காரம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே? நின்னு வந்தா என்ன?"

மகளுக்கு அம்மா ஏன் அழுகிறாள் என்றே புரியவில்லை. "லேட்டாயிடுச்சும்மா. லேட்டா வந்தா நீ திட்டுவியே."

அன்று அவளால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. மகளுக்கு மட்டும் பரிமாறிவிட்டு, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பிப் போகும்போது கேட்டு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் நிற்க இடமில்லை. அவள் எழுந்தாள். தைத்து வைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டாள்.

"மூடிடுங்க" என்றாள்.

மூடக்கூடாது என்ற கூட்டம் மட்டுமல்ல, மூட வேண்டும் என்ற கூட்டமும் வாயடைத்துப் போனது. பெயின்டர்தான் முதலில் எழுந்தார். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது.

"அண்ணி, நேத்து நம்ம பொண்ணுக்கு முதுகு கொடுத்தது நான்தான். அதனால சொல்றீங்களா? நான் தப்பு பண்ணிட்டேனா? அண்ணன் செஞ்சதைத்தான் நானும் செஞ்சேன்."

"நீ ஒரு தப்பும் பண்ணலப்பா. உங்க அண்ணனும் பண்ணல." அவள் பெயின்டர் பக்கம் திரும்பினாள். "நீ முதுகு கொடுக்கலைன்னா என் பொண்ணு நின்னு வந்திருப்பா. இங்க எல்லாரும் நல்லவங்களா இருக்கீங்க. ஒருத்தர் நிக்கிறதை ஒருத்தர் பொறுக்க மாட்டேங்கறீங்க. இதே ஊர்ல எல்லாரும் கல்நெஞ்சுக்காரங்களா இருந்தா கேட்டை மூட வேண்டாம்னு நான் சொல்லியிருப்பேன். அவரும் இருந்திருப்பார்."

"உங்க வீட்டுக்காரர் பேரு..." என்று கவுன்சிலர் ஆரம்பித்தார்.

"பேரு கிடக்குது, விடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பெயின்டர் மண்டபத்தின் சுவரோரமாகப் போய் நின்று சின்னப் பிள்ளைபோல அழுதார். அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். அன்று தச்சருக்குக் கீழே குனிந்து போன மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் அவளை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான்.

செங்கல் வந்து இறங்கியது. சுவர் எழும்புவதற்கு முந்தின நாள் மகள் கடைசியாகக் கேட் வழியே சாப்பிட வந்தாள். திரும்பும்போது கம்பம் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் நல்ல கூட்டம். பெயின்டர் கம்பத்துக்கு முன்னால் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார், குனியவில்லை. யாரும் குனியவில்லை. கேட்மேன் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தாமல் இருந்தார். ஒரு ரயில் போனது. எல்லாரும் நின்றார்கள். எதிர்த் திசையில் இன்னொன்று போனது. அப்போதும் நின்றார்கள். கம்பம் முழுதாக மேலே ஏறிய பிறகு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, மெதுவாக நடந்து போனாள்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். "ஞாயித்துக்கிழமை வரேன்மா! சுத்திக்கிட்டு வரணும், முன்னே பின்னே ஆகும்!"

தையல்காரம்மா கம்பத்தடியில் நின்று கத்தினாள்.

"லேட்டாவே வா, கண்ணு. நான் காத்துக்கிட்டு இருக்கேன்."